சாம்பல் இலைச் செடியின் தாய்வழி

மார்ச் 4

மூன்றாம் முறையும் அதே விடை. சாம்பல் இலைச் செடியின் இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்தின் மரபணுத்தொகுதியும், அடிவாரமெங்கும் மண்டிக் கிடக்கும் புதருடையதும் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்று. உறவு மரத்தில் இரண்டும் ஒரே கிளையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இலை டப்பாக்கள் மாறிப்போயினவா என்று பார்த்தேன். இல்லை.

ஒட்டகத்திடம் எப்படிச் சொல்வது? மலையின் ஒரே ஒரு பாறைச் சரிவைத் தவிர இந்தச் செடி வேறெங்கும் இல்லாத தனி இனம் என்று கண்டுபிடித்து எழுதியவளே அவள்தான். (தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க மலை ஏறுகிறாள் என்று கல்லூரியில் நான் வைத்த பெயர். இன்றும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.)

மார்ச் 5

சொல்லிவிட்டேன். சிரித்தாள். "உன் மெஷினுக்குக் கண்ணு இருக்கா? இலையைப் பாரு, பூவைப் பாரு. ரெண்டும் ஒண்ணாடி?"

ஒன்றல்ல. எனக்கும் தெரிகிறது. இந்தச் செடிகளில் பசுங்கணிகம் தாய் வழியாக மட்டுமே வரும். எந்தக் காலத்திலோ அடிவாரப் புதரின் பூவில் சாம்பல் இலையின் மகரந்தம் விழுந்து, அதன் வாரிசுகள் மறுபடி மறுபடி சாம்பல் இலையோடே கலந்திருந்தால், பச்சை மட்டும் அந்தப் பழைய தாயுடையதாக நின்றுபோயிருக்கும். தாய், தகப்பன் இரு வழியும் பதிந்திருக்கும் உட்கருவின் டி.என்.ஏ.வைப் படித்தால் தெரிந்துவிடும். மாதங்கள் ஆகும்.

மார்ச் 11

ஆய்வக இயக்குநர் கூப்பிட்டார். சரிவில் கல் உடைக்கக் குவாரிக்காரர்கள் அனுமதி கேட்டிருக்கிறார்களாம். செடி தனி இனமா இல்லையா என்று அரசு கேட்கிறது. "உட்கரு முடிவு வரட்டும் சார்" என்றேன்.

"அவங்க கேக்கறது இன்னிக்கு என்ன தெரியும்னு. நாளைக்கு என்ன தெரியும்னு இல்லம்மா."

எழுதிக் கொடுத்தேன். 'பசுங்கணிக அடிப்படையில் வேறுபாடு இல்லை. ஆனால் இது தாய்வழிச் சான்று மட்டுமே, முடிவல்ல.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிறகு ஏன் நகலை எடுத்து எடுத்துப் படிக்கிறேன்?

மார்ச் 12

ஒட்டகத்துக்குப் போன் செய்ய எடுத்தேன், வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

செய்தியில் வந்துவிட்டது: தனி இனம் அல்ல, ஆய்வகம் உறுதி. 'ஆனால்' என்று எழுதினேனே, அது எங்கே போயிற்று? யார் வெட்டினார்கள்? கேட்டால் இயக்குநர், "சுருக்கித்தானேம்மா அனுப்புவாங்க" என்கிறார்.

ஒட்டகம் போனில் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? நான் என்ன வேத்தாளா?"

ஏப்ரல் 3

வீட்டில் இவர் சொல்கிறார், "உள்ளதைத்தானே எழுதின, விடு." எதை விடறது? எப்படி விடறது?

மே 19

அரசுக்கு நான் அனுப்பிய மறுப்புக்குப் பதில் வந்தது. புதிய ஆதாரம் இருந்தால் அனுப்ப வேண்டுமாம்.

சரிவுக்குப் போனேன். அனுமதி கிடைத்து வேலியும் போட்டுவிட்டார்கள். "உள்ள வராதீங்கம்மா, வெடி வெக்கறாங்க" என்று காவலாளி தடுத்தார். வேலி ஓரத்துச் செடிகளெல்லாம் சாம்பல் நிறம். ஓடிப்போய்த் தடவிப் பார்த்தேன் — கல் தூசி. அடியில் சாதாரணப் பச்சை.

ஆகஸ்ட் 27

உட்கரு முடிவு. இரண்டும் அக்கா தங்கை இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை. உறவு மரத்தில் நடுவே வேறு நான்கு இனங்கள் நிற்கின்றன. ஒட்டகம் சொன்னதுதான் சரி.

"நல்ல ரிசர்ச் பேப்பர் வரும்மா" என்றார் இயக்குநர். நல்ல பேப்பர்! கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 15

அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். சரிவே இல்லை, எதற்கு ரத்து?

ஒட்டகம் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்டு முன்னால் நடந்தாள். பின்பக்கம் ஒரு தொட்டி. வெடிக்கு முன்னால் அவள் தோண்டிக்கொண்டு வந்த சாம்பல் இலைச் செடிகளில் பிழைத்தது அது ஒன்றுதான்.

"பொண்ணு" என்றாள். இதில் ஆண் பூ ஒரு செடியில், பெண் பூ வேறு செடியில். ஆண் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜனவரி 9

அவளே கூப்பிட்டாள். "பூத்திருக்கு. அடிவாரப் புதர்லேர்ந்து மகரந்தம் எடுத்துட்டு வா."

"வேற வழியே இல்லையாடி?"

"இருந்தா உன்னைக் கூப்பிடுவேனா?"

விதை பிடித்தால், வருவது பாதிதான் சாம்பல் இலையாக இருக்கும். கொண்டுபோன மகரந்தத்தில் தூரிகையைத் தோய்த்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தோம். பூவின் மேல் துணிப்பை கட்டி, அட்டையில் தாயின் பெயரை எழுதினாள். தகப்பன் என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"நீயே எழுது" என்று பேனாவை நீட்டினாள்.

எழுதினேன்.