உரிக்காத பிளாஸ்டிக்

8 ஏப்ரல், செவ்வாய்

ரபீக் நானாவின் கிராபிக்ஸ் கார்ட் எரிந்துவிட்டது. எரித்தது நான்தான்.

கலியாண வீடியோ எடுக்கிறவர் அவர். வீடியோவை கம்ப்யூட்டரில் வெட்டித் தொகுக்கும்போது கார்ட் கொதிக்கிறது என்று, தண்ணீரால் குளிராக்கும் செட் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தார். நான் வேலை பழகும் கம்ப்யூட்டர் கடைக்காரர் சீலன் அண்ணை முதன்முறையாக என்னிடம் அதைத் தனியே பொருத்திப் பூட்டத் தந்தார். குழாய்களில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனால் சிப்பில் படுகிற செப்புத் தகட்டில் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. கீறல் படாமல் இருக்கத்தானே என்று அப்படியே விட்டேன். இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, உட்கார வாங்கிய கதிரைகளுக்கே எங்கள் வீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை.

அரை மணித்தியாலத்தில் திரை கறுத்துப்போனது. அண்ணை கழற்றிப் பார்த்து, சுருங்கிய பிளாஸ்டிக்கை நகத்தால் உரித்தார்.

"மழைக்கோட்டோட குளிச்சா உடம்பு நனையுமா, தங்கச்சி?" என்று பார்த்துக்கொண்டு நின்ற நானா சிரித்தார். பிறகு கார்டைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"உரிக்கிறதோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, பிள்ளை. நான் பக்கத்திலதானே நிண்டனான்," என்றார் அண்ணை.

ஓம், பக்கத்தில்தான் நின்றார். கேள்வி வாய்வரை வந்தது. எட்டாம் ஆண்டோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவளுக்கு இதுவும் தெரியாதோ என்று நினைப்பார் என்று விழுங்கிவிட்டேன்.

அவர் ஏசவில்லை. ஸ்க்ரூ டிரைவரை என் கையிலிருந்து வாங்கினார். "நாளையிலயிருந்து போட்டோ கொப்பி மெசினைப் பாரும்," என்றார்.

அம்மா வாசலிலேயே காத்துநின்றா. "நீ பூட்டினது ஓடுதோ?"

"ஓம்," என்றேன்.

உடனே பக்கத்து வீட்டு அன்ரியிடம் ஓடினா. "என்ர பிள்ளை தனியப் பூட்டினவள்!"

வேலிக்கு அங்கால் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறா.