செஞ்சியில் இல்லாத வண்டி

மாமா,

இன்று காலை கடை திறந்ததும் வேங்கிக்கால் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய இன்வெர்ட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சொருகியதும் அது விட்டு விட்டுக் கூவத் தொடங்கியது. பேட்டரி தீர்ந்தால் எல்லாம் அப்படித்தான் கூவும். நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். ஆனால் இதன் சுருதி அப்படியே நம் மாடியறை ரயில் பாதையில் செஞ்சிக்கு நான் வைத்த சுருதி. ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு வாசல்வரை போய் நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்து போனேன். யாராவது வருகிறார்களா என்று முதலாளி கேட்டார். இல்லை என்றேன்.

நீங்கள் போய் நாலைந்து மாதமாகிறது. ஆடியில் போனீர்கள், இப்போது கார்த்திகை மழை. ஓர் இடத்தில் உட்கார முடியாதபோது எனக்கு உங்களோடுதான் பேசத் தோன்றுகிறது. நம் வீட்டில் அந்த வியாதி இரண்டு பேருக்குத்தான் இருந்தது.

நான் உங்கள் மகனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த புதிதில் நீங்கள் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர், ஆலம்பூண்டி, செஞ்சி வழியாகத் திண்டிவனம். டூட்டி முடிந்து வந்தால் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடி ஷீட் அறைக்குப் போய்விடுவீர்கள். அங்கே ப்ளைவுட் மேசையில் ரயில் ஓடிக்கொண்டிருக்கும். செங்கம் ரோட்டில் நாம் வாடகைக்கு விட்டிருந்த அறையில் வருஷாவருஷம் வந்து தங்கும் ஜெர்மனிக்காரர் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, திரும்ப எடுத்துப்போக முடியாமல் உங்களிடமே விட்டுவிட்டது அது. பொம்மை ரயில் என்று நான் சொன்னதும் திருத்தினீர்கள். "பொம்மைன்னு சொல்லாதம்மா. சின்ன ரயிலு."

முதல் நாள் நான் மேசையின் மேலே பார்க்கவில்லை. குனிந்து அடியில் பார்த்தேன். ஒயர்கள் தாறுமாறாகத் தொங்கின. வந்தவர்கள் எல்லாம் மேலே ஓடுவதைப் பார்த்தார்கள், நீ மட்டும் கீழே பார்க்கிறாயே என்று சிரித்தீர்கள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, சாம்பாருக்குப் பருப்பு வேகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு தேவையாக இருந்தது.

அப்புறம் உங்கள் கண். முதலில் எதிர்வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றீர்கள். பிறகு ஓரத்தில் வருகிறவர்கள் தெரியவில்லை. கீழ்பென்னாத்தூர் வளைவில் ஒரு சைக்கிள்காரரை மயிரிழையில் தவிர்த்த அன்று, வண்டியை டிப்போவில் நிறுத்திச் சாவியை நீங்களே கொடுத்துவிட்டு வந்தீர்கள். யாரும் கேட்பதற்கு முன்னால். சென்னையில் ஆபரேஷன் நடந்தது. கண் நீர் அழுத்தத்தில் நரம்பு செத்துவிட்டது, இருக்கிற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தைக் காப்பாற்றப் பார்த்தோம், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது அந்த அறையில் உங்கள் மகன், அத்தை, நான் மூவரும் இருந்தோம். நீங்கள் வெளியே பெஞ்சில் கட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள். வெளியே வந்ததும் உங்கள் மகன், "கொஞ்சம் கொஞ்சமா தெரியும்னு சொல்லியிருக்காருப்பா" என்றார். அத்தை தலையை ஆட்டினார். தலையாட்டலை உங்களால் பார்க்க முடியாது என்பதுகூட அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

நீங்கள் நம்பினீர்கள். அதனால்தான் கைத்தடி வேண்டாம் என்றீர்கள். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தீர்கள், காலையிலிருந்து பொழுது சாயும்வரை. வெள்ளைச் சுவரில் உங்கள் உள்ளங்கை போன வழி பழுப்பாகக் கோடு விழுந்தது. நானும் காரணமில்லாமல் அடுப்படிக்கும் மொட்டைமாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நடுவில் நின்று, எனக்குத்தான் கண்ணு, உனக்கு என்ன என்று கேட்டீர்கள். நான் மறுபடியும் படியேறிப் போனேன்.

ஒரு மத்தியானம் மாடியில் பெரிய சத்தம். ஓடிப்போனேன். யாருக்கும் சொல்லாமல் இரண்டு ரயிலை ஓட விட்டிருந்தீர்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓர் எஞ்சின் தரையில் கிடந்தது. நீங்கள் முழங்காலிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். எஞ்சின் உங்கள் கைக்கு ஒரு ஜாண் தள்ளி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதன் உடைந்த கைப்பிடியை விரலால் தேடினீர்கள்.

அத்தை மேசைமேல் போர்வையைப் போட்டு மூடினார். தீபத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த அறையை வாடகைக்கு விடலாம், இதையெல்லாம் கழற்றிவிடலாம் என்று உங்கள் மகன் சொன்னார். கொஞ்சநாள் பொறுக்கச் சொன்னேன். எனக்கே தெரியாமல் வந்த வார்த்தை அது. அதுவரை அந்த வீட்டில் நான் எதையும் பொறுக்கச் சொன்னதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மனிக்காரர் வந்தார். உங்கள் நிலையைப் பார்த்துவிட்டு, தனக்கென்று கொண்டுவந்திருந்த டிஜிட்டல் கருவியை என் கையில் வைத்தார். ராத்திரி பகலாக அதைப் பற்றியே யோசித்தேன். பழைய முறையில் கரண்டைக் கூட்டினால் வண்டி வேகமாகும், நிறுத்தினால் தண்டவாளமே செத்துவிடும். இரண்டு வண்டியைத் தனித்தனியாக ஆட்டி வைக்க முடியாது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் கரண்ட் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சின்ன சிப். அதற்கு ஒரு நம்பர். நம்பரை அழுத்திக் கூப்பிட்டால் அந்த எஞ்சின் மட்டும் கேட்கும். நிற்கிற வண்டிகூடத் துளி கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடிக்கிறதா என்று தண்டவாளத்தைக் கேட்க முடிந்தால், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே தெரிந்துவிடும்.

உங்களிடம் சொன்னபோது, "அப்ப பார்க்க வேணாம், கேட்டாப் போதும்" என்றீர்கள். அன்று நீங்கள் சுவரைத் தொடாமல் நாலடி நடந்தீர்கள்.

ரம்பத் தகட்டால் தண்டவாளத்தைத் துண்டு துண்டாக அறுத்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர், தனி பஸ்ஸர், தனி சுருதி. வண்டி உள்ளே நுழைந்தால் கூவும், வெளியேறினால் அடங்கும். துண்டுகளுக்கு நம்பர் வைக்கலாம் என்றேன். நீங்கள் உங்கள் ரூட்டையே வைத்தீர்கள். திருவண்ணாமலை தாழ்ந்த குரல். கீழ்பென்னாத்தூர் அதற்கு மேல். ஆலம்பூண்டி, செஞ்சி, திண்டிவனம் என்று ஏறிக்கொண்டே போயிற்று. நான் மேசைக்கடியில் மல்லாந்து படுத்துப் பற்றவைப்பேன். நீங்கள் மேலே உட்கார்ந்து ஒயரை இழுத்து, இதுவா அதுவா என்று கேட்பீர்கள். அத்தை ஒருமுறை மாடிக்கு வந்து என் புடவையில் இருந்த தூசியைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

எஞ்சினுக்கு மட்டும் செய்தால் போதும் என்று நினைத்தேன். நீங்கள் விடவில்லை. பெட்டி கழண்டு பின்னால் நின்றுவிட்டால் எனக்கு எப்படித் தெரியும், டிரைவர் கண்ணாடியில் பின்னாலும் பார்க்க வேண்டாமா என்றீர்கள். பெட்டியும் துளி கரண்டைக் குடிக்கும்படி ஒவ்வொன்றின் சக்கர அச்சிலும் அரிசி அளவு ரெசிஸ்டரை ஒட்டினேன். அது முடிய எத்தனை நாளாயிற்று என்று நினைவில்லை. அந்த நாட்களில் நான் மாடிப்படியில் காரணமில்லாமல் ஏறவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

முதல் ஓட்டத்தில் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஆலம்பூண்டிக்குள் சக்கரம் வைத்ததும் எல்லாம் செத்துப்போயிற்று. இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தேன். சக்கரம் இடைவெளியைத் தொட்டதும் ஷார்ட். மாற்றினேன். மறுபடி ஓட்டினீர்கள். ஒரு வண்டியைக் கீழ்பென்னாத்தூரில் நிறுத்திவிட்டு, இன்னொன்று செஞ்சியைத் தாண்டும்வரை காத்திருந்து, பிறகு முதல் வண்டியை எடுத்தீர்கள். நீங்கள் சிரிக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மலைப்பாதையில் பஸ்ஸை இறக்கிவிட்டு வந்தவர்போல மூச்சு வாங்கினீர்கள்.

இப்படியே இருந்திருக்கலாம். கார்த்திகை வந்தது. ஷீட்டில் மழை கொட்டிய ஒருநாள் நீங்கள் திடீரென்று இரண்டு வண்டியையும் நிறுத்தினீர்கள். செஞ்சி கூவிக்கொண்டிருந்தது. ஒரு வண்டி திருவண்ணாமலையில், ஒன்று திண்டிவனத்தில். செஞ்சியில் யார்? கையை நீட்டித் தண்டவாளத்தை முழுக்கத் தடவினீர்கள். ஒன்றுமில்லை. கூவல் நிற்கவில்லை. எனக்கும் காரணம் தெரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய், "ஒண்ணுமில்ல மாமா, சரியாயிடும்" என்றேன்.

நீங்கள் கையை எடுத்துக்கொண்டீர்கள்.

"வண்டி இல்லன்னா இல்லன்னு சொல்லணும்மா. இதுவும் பொய் சொன்னா நான் எதை நம்பறது?"

ஷீட்டில் மழை. உங்கள் முகம் சரியாக என் பக்கம் திரும்பியது.

"அன்னிக்கு டாக்டர் இன்னா சொன்னாரு? நீ உள்ள இருந்த இல்ல."

கீழே போய்விடலாமா என்று நினைத்தேன். அத்தையைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். நீங்கள் காத்திருந்தீர்கள்.

"வராதுன்னு சொன்னாரு மாமா. போனது திரும்பி வராதாம்."

தலையை ஆட்டினீர்கள். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள். செஞ்சியின் ஒயரை நான் பிடுங்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு பல நாள் நீங்கள் அறையை விட்டு வரவில்லை. நடக்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயம். நீங்கள் நடக்கிற சத்தம் இல்லாத வீட்டில் நான் மட்டும் நடந்தேன். அத்தை என்னோடு பேச்சை நிறுத்தினார். சாப்பாட்டுத் தட்டை என் கையிலிருந்து வாங்கி அவரே உள்ளே கொண்டுபோனார். உங்கள் மகன் உன்னை யார் சொல்லச் சொன்னது என்று கேட்டார். மாமாதான் கேட்டார் என்றேன். கேட்டால் சொல்லிவிடுவதா என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. தப்பு செய்துவிட்டேனோ என்று எனக்கும் தோன்றியது. ஒவ்வொரு வேளையும் தோன்றியது.

செய்ய வேறொன்றும் இல்லாமல் செஞ்சியைப் பிரித்துப் பார்த்தேன். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி மாதிரி நீங்கள் ஒட்டிவைத்த பொடிக்கல், பசையோடு ஈரத்தைக் குடித்திருந்தது. அந்த ஈரத்தின் வழியே துளிக் கரண்ட் கசிந்தது. அதைத்தான் அது வண்டி என்று எண்ணியிருக்கிறது. கசிவு கம்மி, பெட்டி குடிப்பது அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போட வேண்டும். ஈரத்துணியைப் போட்டுப் போட்டுப் பார்த்து, துணிக்குக் கூவாமல் பெட்டிக்கு மட்டும் கூவுமாறு திருகி வைத்தேன்.

மழை விட்ட ஒரு காலை, படியில் உங்கள் காலடி கேட்டது. வந்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்தீர்கள். செஞ்சிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஈரத்துணியை நீங்களே வாங்கிப் போட்டுப் பார்த்தீர்கள். அமைதி. ஒற்றைப் பெட்டியை வைத்தீர்கள். கூவிற்று. அதற்குப் பிறகுதான் சொன்னீர்கள்.

"எனக்கு ஒரு தடி வாங்கணும்மா. இனிமே அது வேணும்."

அதற்கப்புறம் உங்களைப் பிடிக்க முடியவில்லை. தெருமுனை, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு. ஒருநாள் தனியாகவே உங்கள் பழைய ரூட் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து செஞ்சிவரை போய்த் திரும்பி வந்தீர்கள். வளைவு வருவதற்கு முன்பே டிரைவருக்குச் சொல்லிக்கொண்டு போனதாகக் கண்டக்டர் வந்து முறையிட்டார். உங்கள் மகன் திட்ட வாயெடுத்து, சிரித்துவிட்டார்.

என்னை இந்தக் கடைக்கு அழைத்துவந்ததும் நீங்கள்தான். பவர்கட் அதிகமாகி இன்வெர்ட்டர் கடைகள் முளைத்த சமயம். தடியைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். "வீட்ல ரெண்டு பேரு இப்படி நடந்தா தரை தேஞ்சிடும், இவளுக்கு வேலை குடுங்க" என்று முதலாளியிடம் சொன்னீர்கள்.

ஆடியில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் எல்லோரும் உங்களைச் சுற்றி நின்றோம். எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள்.

"ரொம்ப மோசமா?"

"ஆமா மாமா."

"சரி. உங்க அத்தைய பக்கத்துல உட்காரச் சொல்லு."

அவர் உட்கார்ந்தார். நீங்கள் அவரோடு மெல்லப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். என்ன பேசினீர்கள் என்று அத்தை இதுவரை சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் அதன் பிறகு அவர் என்னோடு பேசத் தொடங்கினார், தட்டில் நான் போட்டுக் கொடுப்பதைச் சாப்பிடுகிறார்.

சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் சில நாள் நினைக்கிறேன், மாமா. முதலில் சொன்னதையும், கடைசியில் சொன்னதையும். நிம்மதியாக இருந்து எழுதவில்லை இதை. நடுவில் நாலைந்து முறை எழுந்து போய்விட்டு வந்தேன்.

போன வாரம் அத்தை மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். எவ்வளவு நாளாக என்று தெரியவில்லை. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளை அதன் முடிவு வருகிறது. உங்கள் மகன் லீவு போட்டுக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அத்தை வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ வா. நீதான் இருக்கறதச் சொல்லுவ."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளை டாக்டரின் அறையை விட்டு நான் வெளியே வந்ததும் அத்தை என் முகத்தைப் பார்ப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எதுவாக இருந்தாலும் அதைச் சொல்வேன்.