நீங்கள் சொன்ன பின்பாதி

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் ஓரகத்தி, அவள் வீட்டுக்காரரான என் கொழுந்தனார், அவர்களுடைய மகள், ஆக நான்கு பேர். நீங்கள் எப்போதும் உட்காரும் தூணோரத்தில் யாரும் உட்காரவில்லை. நான் உட்கார விடவில்லை என்பதுதான் சரி. துணி மடிக்கிற சாக்கில் அந்த இடத்தில் கூடையை வைத்திருந்தேன்.

அந்தப் பெண் இப்போது காலாப்பட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி என்னிடம் சாப்பிட வந்துவிடுவாள். அன்றைக்கு லாஸ்பேட்டையிலிருந்து அப்பா அம்மாவையும் வரச் சொல்லியிருந்தாள். பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாளைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று வந்தது. மூடியில் படம் போட்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்ட ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், இடுப்பில் சாவிக்கொத்தோடு அவர் சம்சாரம், மூன்று பிள்ளைகள், ஓரமாகக் காபித் தட்டோடு மூத்த மருமகள். நம் செவ்வாய்க்கிழமை நாடகம்தான், அக்கா. டிவிடியாகப் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் இருந்திருந்தால் முதலில் கேட்பது எப்படி இருக்கிறது என்றுதான். சொல்கிறேன். படம் பளிச்சென்று இருக்கிறது, அதுவே ஒரு குறை. அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து வருவதை மொட்டைமாடிக் கம்பத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தோம். காற்று அடித்தால் முகமெல்லாம் புள்ளி. இப்போது புள்ளி இல்லாததால், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தென்னைமரம் துணியில் எழுதியது என்று தெரிந்துபோய்விட்டது. கதவைச் சாத்தினால் சுவரும் சேர்ந்து ஆடுகிறது. ஆரம்பப் பாட்டைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். மூன்றாவது டிவிடி ஒரு இடத்தில் நின்று நின்று ஓடுகிறது. ஆனால் போஸ்ட்மாஸ்டர் ரேடியோவைப் பிரித்துப்போட்டு ஒரு திருகாணி மீந்து போனதும் விழிப்பாரே, அந்த முழிக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. என் கொழுந்தனார் தும்மல் வரும்வரை சிரித்தார்.

அந்த நாடகத்தில் எனக்குத் தெரிந்தது முன்பாதி மட்டும்தான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் ஆறிய தோசையை யாரும் தொடமாட்டார்கள். நடுவில் சோப்பு விளம்பரம் வந்தால் நான் எழுந்துவிட வேண்டும். மில் சங்கு ஊதி என் வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தும்போது கல் காய்ந்திருக்க வேண்டும். பிறகு அவருக்கு, மாமாவுக்கு, கொழுந்தனாருக்கு, அத்தைக்கு என்று ஒவ்வொன்றாகச் சுட்டுத் தட்டில் போய் விழ வேண்டும். கூடத்தில் எல்லாரும் சிரிப்பது கேட்கும். எதற்கென்று தெரியாது.

சாயந்திரம் மக்ரிப் தொழுதுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்தபடியே பக்கத்து வீட்டிலிருந்து வந்து தூணோரம் உட்கார்வீர்கள். நாடகம் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகமாட்டீர்கள். சமையலறை நிலைப்படிக்கு வெளியே குந்திக்கொண்டு எனக்குப் பின்பாதியைச் சொல்வீர்கள். அந்தப் படியைத் தாண்டி நீங்கள் வந்ததில்லை. அத்தை வராதே என்றும் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை.

“அப்புறம் என்னக்கா ஆச்சு?”

“இரு, மொதல்ல தோசையத் திருப்பு. கருகுது பாரு.”

“திருப்பிட்டேன். சொல்லுங்க.”

“கெழவன் ரேடியோவ மூட்டகட்டி வச்சிட்டான். மூத்தவ வரா. தலையிலேர்ந்து ஒரு கொண்டை ஊசி எடுத்தா. உள்ள வுட்டு ஒரு திருப்பு. பாடுது.”

“பாடுதா?”

“பாடுது. மாமியா மூஞ்சியப் பாக்கணுமே.”

போஸ்ட்மாஸ்டர் குரலுக்குத் தொண்டையைக் கனைப்பீர்கள். மாமியார் குரலுக்கு எங்கள் அத்தை பேசுவதைப் போலவே மூக்கால் பேசுவீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்ப்பேன். நீங்கள் சொல்லும் பின்பாதியில் எப்போதும் மூத்த மருமகள்தான் ஜெயிப்பாள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம், குழந்தையில்லை, எல்லாருக்கும் காபி கொண்டு போய்க் கொடுப்பவள். அவள் ஜெயித்தால் எனக்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும். அது ஏன் என்று நீங்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் நான் ஓரகத்தி மகளிடம் சொன்னது இதுதான். “வளைகாப்பு வர எடத்தப் போடு கண்ணு. ஒன் வளைகாப்புக்கு ஒங்க ஆயாகிட்ட நான் சொன்னேனே, அது இதுல வரும்.” அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். ஆசையாகத் தேடிப் போட்டாள்.

ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. ஓரகத்தி இவளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த சமயம். டிவியிலும் வளைகாப்பு, வீட்டிலும் வளைகாப்பு என்று சிரித்துக்கொண்டோம். நாடகத்தில் இளைய மருமகளுக்கு மணை போட்டாகிவிட்டது. மாமியார் மூத்தவளைப் பார்த்து, நீ அடுப்படியைக் கவனி, முன்னால் வராதே என்கிறாள். அவள் உள்ளே திரும்புகிறாள். சோப்பு விளம்பரம். நானும் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு நீங்கள் குரல் மாற்றாமல் சொன்னீர்கள். மூத்தவள் வளையல் தட்டோடு கூடத்துக்கு வந்தாள், மணைக்கு முன்னால் வைத்தாள், நிதானமாகக் கேட்டாள் என்றீர்கள். “அத்த, இந்த வீட்ல எல்லாருக்கும் சோறு என் கையால வேணும். வளையலு மட்டும் என் கையால ஆகாதா?” அப்புறம் என்ன ஆனது என்று கேட்டேன். “என்னா ஆவும்? சின்னவ கைய நீட்டிட்டா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

எங்கள் வீட்டு வளைகாப்பு நாளில் அத்தை என்னைப் பாயசத்துக்கு நிறுத்தினார்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு போனேன். டிவியிலேயே ஒருத்தி கேட்டிருக்கிறாள், ஊர் உலகமே பார்த்திருக்கிறது, நான் கேட்டால் என்ன என்ற தைரியம். அதே வார்த்தையைக் கேட்டேன். ஓரகத்தி கையை நீட்டினாள். பச்சை வளையலில் முதல் ஜோடி என் கையால்தான் ஏறியது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் எந்த நல்ல காரியத்திலும் என்னை உள்ளே நிற்கச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே உங்களைப் பார்த்ததும் ஓடி வந்து சொன்னேன்.

“டிவில வந்தத அப்படியே கேட்டுட்டேங்கா.”

“கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

நீங்கள் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். முக்காட்டு நுனியால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டீர்கள். “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுறியா” என்றீர்கள். எங்கள் வீட்டில் நீங்கள் தண்ணீர் கேட்டுக் குடித்தது அன்றைக்குத்தான். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாமியார் சொன்னாள், மூத்தவள் உள்ளே போனாள். “இப்ப வருவா பாருங்க” என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். வரவில்லை. பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிடுகிறாள். போஸ்ட்மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு முழிக்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், பெயர்கள் ஓடுகின்றன. முடிந்தது.

“எங்க பெரியம்மா?” என்றாள் பெண்.

“வெட்டிட்டாங்க போலருக்கு. பாட்டக்கூட வெட்டியிருக்காங்களே” என்றேன்.

ஓரகத்தி மெதுவாகச் சொன்னாள். “இல்லக்கா. நான்தான் அன்னைக்குக் கூடத்துல ஒக்காந்து முழுசாப் பாத்தனே. உப்புப் பாயசந்தான் வந்துச்சு.”

“அப்ப நீ ஏன் அன்னைக்குக் கைய நீட்டுன? நாடகத்துல சின்னவ நீட்டுனதப் பாத்துட்டுத்தானே?”

“எனக்கு நாடகம்லாம் ஞாபகமே இல்லக்கா. நீங்க கேட்டீங்க, நீட்டுனேன். அதுக்கு எதுக்கு டிவி?”

கொழுந்தனார், “அண்ணி சொந்தமாவே வசனம் எழுதுவாங்கன்னு தெரியாமப்போச்சே” என்று கிண்டல் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சாயந்திரம் அவர்கள் கிளம்பிய பிறகு வீடு எப்போதையும்விடப் பெரிதாக இருந்தது.

பெண் டிவிடிப் பெட்டியையும் பிளேயரையும் என்னிடமே விட்டுப் போயிருந்தாள். பால் கணக்கைச் சரிபார்ப்பது போலத்தான் உட்கார்ந்தேன். எதையும் பாதியில் விட எனக்கு வராது. மத்தியானங்களில் ஒவ்வொரு வாரமாகப் போட்டுப் பார்த்தேன். விளம்பரம் இப்போது இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். சுட்டுப்போட யாரும் இல்லை. அவர் போய்விட்டார், மாமா, அத்தை எல்லாரும் போய்விட்டார்கள். நின்றபடியே பின்பாதியைப் பார்க்கிறேன். காலி வீட்டில் டிவிக்குள்ளிருந்து கூட்டம் சிரிக்கிறது. ரேடியோவை எதிர்வீட்டு வாத்தியார்தான் ரிப்பேர் செய்கிறார். கொண்டை ஊசி இல்லை. தொலைந்த சாவியைக் கண்டுபிடிப்பவள் மூத்தவள் இல்லை. எந்தப் பின்பாதியிலும் அவளுக்குப் பேச்சே இல்லை, அக்கா. வருகிறாள், தட்டை நீட்டுகிறாள், போகிறாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். ஒரு தடவைகூட அவள் ஜெயிக்கவில்லை.

வளைகாப்பு வாரத்தில் நடந்ததையும் யோசித்துப் பார்க்கிறேன். “வளையல் அடுக்குற அன்னைக்கு மூத்தவ அடுப்படியப் பாத்துக்கட்டும்” என்று அத்தை கூடத்திலிருந்து சொன்னபோது நீங்கள் நிலைப்படியில்தான் இருந்தீர்கள். நான் மாவைக் கல்லில் ஊற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் அன்றைய பின்பாதியைச் சொன்னீர்கள்.

நீங்கள் சொன்ன அந்த வளையல் வார்த்தை என்னிடம் இருபது வருஷமாக இருக்கிறது. அத்தை படுக்கையில் கிடந்து என் கையால் கஞ்சி குடித்த நாளிலும் இருந்தது. என் வீட்டுக்காரர் காரியத்தன்று, யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பேசியபோதும் இருந்தது. அதை ஒரு நாடகத்துக்காரர் எழுதினார் என்று நினைத்து, முகம் தெரியாத அவருக்காகச் சாமியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்காக வேண்டியது காய்ச்சல் வந்தபோதும், பிறகு நீங்கள் எழுந்திருக்காமல் கிடந்தபோதும் மட்டுந்தான். நீங்கள் போன அன்று உங்கள் வீட்டு வாசல்வரை வந்து பெண்களோடு நின்றேன். இது தெரிந்திருந்தால் உங்கள் காதருகே ஒன்று சொல்லியிருப்பேன்.

நேற்று பெண் விடுதியிலிருந்து போன் செய்தாள். “டிவில வரலன்னா அத எழுதுனது யாரு பெரியம்மா? நீங்களா?” என்றாள். “வர ஞாயித்துக்கெழம சொல்றேன்” என்றேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. உங்கள் பெயரைச் சொல்லலாம், ஆனால் இத்தனை காலம் நாடகத்தின் பின்னால் நீங்களாக மறைந்து நின்றீர்கள். உங்களைக் கேட்காமல் வெளியே இழுக்க எனக்கு மனசில்லை.

அவளிடம் உங்கள் பெயரைச் சொல்லட்டுமா? கனவில் வந்தாலும் சரி, விளக்கேற்றும்போது மனசில் பட்டாலும் சரி. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லுங்கள், அக்கா.