முதல் வார்த்தையாகச் சொல்லியிருக்க வேண்டியது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்றுதான் முதலில் எழுத வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட, மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அப்பாவுக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன், உன் முகம் திரையில் வந்ததும் வாய் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறது, போன முறை குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எதிர் வீட்டு வெல்டரின் மருமகள் லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறாள், இதை அவள் கையில் கொடுக்கிறேன். கூடவே ஒரு இடுப்புப் பட்டையும் கனமான காலுறைகளும் இருக்கின்றன, அம்மா வாங்கியது. நீ பார்த்துக்கொள்கிற வயசானவர்களைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்கச் சொன்னாள், அதை மறக்காமல் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் வேலை கூடிவிட்டது, ஒரு ஆளை நிறுத்திவிட்டு அந்த ஆளின் பாத்திரங்களையும் இவள் தலையில் கட்டிவிட்டார்கள், சம்பளத்தை மட்டும் கட்டவில்லை. குளியலறைக் கூரை இன்னும் சொட்டுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீங்கதான் பெயின்டராச்சே, ஒரு கோட்டு அடிச்சு விட்டுடுங்களேன்" என்கிறார். ஊறுகிற கூரைக்குப் பெயின்ட் அடித்தால் ஊறல் நிற்குமா, கண்ணுக்குத்தான் நிற்கும். வீட்டுச் செய்தி இவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன், அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்து "இன்னும் கூரையிலேயே நிக்கறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

போன வாரம் நீ அம்மாவிடம் சொன்னது எனக்குப் பக்கத்து அறையில் கேட்டது. "அவனுக்கு என்கூட கேம் ஆட இஷ்டமில்லன்னா நேரா சொல்லட்டும்மா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் லைன் இழுக்குது, லைன் இழுக்குதுன்னா நான் என்ன முட்டாளா? அந்த நேரத்துல டூட்டியாவது எடுத்துக்கறேன், காசாவது வரும்." உன் குரல் உடைந்திருந்தது. தம்பி மேல் உனக்கு வந்த கோபம் என் மேல் வர வேண்டியது, அதை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இன்டர்நெட் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. அவன் என்னைக் காப்பாற்றுவதற்காக உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் வாங்க நீ பணம் அனுப்பியபோது எவ்வளவு யோசித்து அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். பழைய மெஷின் செத்த பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து ஆடுவது நின்றுபோனது, வீட்டில் அவன் சிரிப்புச் சத்தமும் நின்றுபோனது. பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால் மலிவுதான், ஆனால் ஒன்று கெட்டால் நாங்கள் எந்தக் கடைக்கு ஓடுவோம் என்று, முழுதாகச் சேர்த்து வாரண்டியோடு விற்கிற பெட்டியாகவே வாங்கச் சொன்னாய். வாய்ஸ் மெசேஜ் ஒன்று பேசி அனுப்பி, கடையில் போய் எதுவும் பேச வேண்டாம், இதைப் போட்டுக் காட்டினால் போதும் என்றாய். நானும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். சட்டையை மாற்றலாம், நகக்கண்ணில் ஏறிய பெயின்டை என்ன செய்வது. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட நிற்கிற காவலாளி எனக்கு முன்னால் போனவனுக்குத் திறந்தான், எனக்கு "என்ன வேணும்?" என்று கேட்டான். அவனும் என்னைப் போல நாள் முழுதும் நின்று பிழைக்கிறவன்தான், அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. உள்ளே போய் போனை எடுத்து உன் மெசேஜின் மேல் விரலை வைத்தேன். அப்போது பின்னாலிருந்து, "என்ன பெயின்டரே, கம்ப்யூட்டர் கடைல?" என்று ஒரு குரல். திரும்பினால் பழைய கார் வியாபாரி, எங்கள் பட்டறைக்கு அடிபட்ட வண்டிகளை அனுப்பி, பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து வாங்கிக்கொண்டு போய், ஒரு கீறல் படாத வண்டி என்று விற்பாரே, அவர்தான். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். "பசங்களுக்கா? விளையாடவா? கெடுத்துடாதீங்க, இதுங்க அப்புறம் படிக்காது" என்று சிரித்தார். அவர் மகன் விமான ஓட்டி உட்காருவது போன்ற நாற்காலியில் சாய்ந்துகொண்டு ராத்திரி பகலாக ஆடுகிறான் என்று பட்டறைக்கே தெரியும். அவர் யாருக்கும் காரணம் சொல்வதில்லை. நான் சொன்னேன். போனைப் பைக்குள் தள்ளிவிட்டு, "சேச்சே, விளையாட்டெல்லாம் இல்லீங்க, ஆபீஸ் வேலைக்கு, கணக்கு வழக்கு பார்க்க" என்றேன். எனக்கு எந்த ஆபீஸ், என்ன கணக்கு.

நம்மைப் போன்றவர்கள் எதை வாங்கினாலும் அது பிழைப்புக்கு உதவ வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். செருப்பு வாங்கினால் வேலைக்குப் போக, போன் வாங்கினால் வேலைக்குக் கூப்பிட. சும்மா சந்தோஷத்துக்கு என்று ஒரு பொருள் வாங்கினால் திருடியதைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு, பட்டறையில் டீக்கு உட்காரும்போது வாய் கிழியப் பேசுவேன். ஆனால் அன்றைக்கு யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை, நானே முந்திக்கொண்டு கீழ்ப்படிந்தேன்.

மீதியை நீயே ஊகித்திருப்பாய். விற்கிற இளைஞன் ஆபீஸ் வேலைக்கு என்று காதில் விழுந்ததை வைத்து அதற்கான பெட்டிகளைக் காட்டினான். நான் சின்னவன் ஆசைப்படுவானே என்று, "லைட்டு எரியுமே, கண்ணாடி வச்சிருக்குமே, அது இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது, நீலமும் சிவப்புமாக மாறி மாறி எரிந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன், நிறைய இடம் காலியாக இருந்தது, ஏதோ கார் வாங்குகிறவன் மாதிரி, உள்ளே நல்ல விசாலம் என்று சந்தோஷப்பட்டேன். விளையாட்டுப் படத்தை ஓட்டுகிற கார்டு உட்கார வேண்டிய இடம்தான் அந்த விசாலம் என்று எனக்குத் தெரியவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு வெளிப்பளபளப்பைப் பார்க்காதீர்கள், கதவோரத்து ரப்பரைத் தூக்கிப் பாருங்கள், அங்கேதான் பழைய நிறம் தெரியும் என்று காலம் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். ஒரு ரப்பரையும் தூக்கிப் பார்க்கவில்லை. வியாபாரி பார்த்துக்கொண்டிருக்கிறாரே, சீக்கிரம் பணத்தைக் கட்டிவிட்டு வெளியேற வேண்டும், அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

சின்னவன் பார்த்ததும், "சூப்பரா இருக்குப்பா" என்றான். உனக்கு வீடியோவில் லைட்டுகளைக் காட்டினான், நீ கார்டு எது என்று கேட்டதற்கு, நீ சொன்னதேதான் என்றான். கண்ணாடியில் ஒரு கீறலும் விழாமல் நான் மடியில் வைத்துக் கொண்டுவந்ததை அவன் வாசலில் நின்று பார்த்திருக்கிறான், அதற்கப்புறம் அவனுக்கு எப்படி வாய் வரும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் கம்ப்ரஸர் கெட்டுப்போய்ச் சாயங்காலமே வீட்டுக்கு வந்தேன். அவன் போனில் உன்னிடம், "லைன் இழுக்குதுக்கா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லி வைத்தான். திரையில் யாரோ ஒருவன் நீங்கள் ஆடுகிற அதே விளையாட்டை ஆடுகிற வீடியோ தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இவன் கை மடியில் இருந்தது. லைன் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அந்த வீடியோவை நிறுத்திவிட்டு, "இந்த மெஷின்ல அது ஓடாதுப்பா, தனி கார்டு இல்ல. போட்டா படம் படமா நின்னு நின்னு போகுது" என்றான். ஏன்டா முதலிலேயே சொல்லவில்லை என்றேன். "நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. அக்காகிட்ட சொல்லாதீங்கப்பா, உங்களத் திட்டும்" என்றான். என்னைத் திட்டக்கூடாது என்று உன் திட்டை அவன் வாங்கிக்கொண்டிருக்கிறான். அவன் அறையை விட்டு வெளியே வந்தேன், அம்மா எல்லாவற்றையும் கேட்டபடி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். "அவ அங்க யாரு பெத்தவங்களையோ குளிப்பாட்டி விட்டு அனுப்பின காசு. நீங்க அதுல லைட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை, பாத்திரம் துலக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் பட்டறை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த முறை சட்டை மாற்றவில்லை. அந்த இளைஞன், "சார், நீங்கதானே ஆபீஸ் வேலைக்குன்னு சொன்னீங்க? ஆபீஸ் வேலைக்கு இது தாராளம். லைட்டும் நீங்க கேட்டதுதான்" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என்னை அவன் ஏமாற்றியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். போனை எடுத்து, சத்தத்தை முழுதாக வைத்து, மேஜை மேல் வைத்து உன் மெசேஜைப் போட்டேன். அதை அன்றுதான் முதல் தடவையாக முழுதாகக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ப்பா, கடைக்குள்ள போனதும் முதல் வார்த்தையா, கேம் ஆடறதுக்கு வேணும்னு சொல்லுங்க. வெக்கப்படாதீங்க. யாராவது சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க." கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ பாட்டுக்கு கார்டு பெயரைச் சொன்னாய், மெமரி பதினாறு இருக்க வேண்டும், பவர் சப்ளை, நாளைக்குக் கெட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண அளவில் இருக்க வேண்டும், லைட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம், அதைக் கார்டில் போடுங்கள், பில்லில் கார்டு பெயரை எழுதி வாங்குங்கள் என்றாய். பக்கத்தில் ஆஸ்பத்திரி யூனிஃபார்மோடு நின்றிருந்த ஒரு அம்மா, "அண்ணே, அந்தக் கார்டு பேர் வர்ற இடத்த இன்னொரு தடவ போடுங்க, என் பையனும் இதத்தான் நச்சரிக்கிறான்" என்றாள். மறுபடி போட்டேன். விற்கிற இளைஞன் சிரித்துவிட்டு, "இத அன்னிக்கே போட்டிருக்கலாமே சார்" என்றான். போட்டிருக்கலாம்தான். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நான் எங்கே கூசுவேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

பிரித்த பெட்டி என்று விலையைக் குறைத்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்திருப்பது கறுப்பு, தகரம் மாதிரி இருக்கிறது, ஒரு லைட்டும் இல்லை, கார்டு போன வருஷத்து மாடல், ஆனால் நீ சொன்ன பெயர்தான், பில்லிலும் எழுதி வாங்கிவிட்டேன். பக்கத்து மூடியைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன், செங்கல் மாதிரி இரண்டு விசிறியோடு உட்கார்ந்திருந்தது. நஷ்டப்பட்ட பணத்துக்கு என்ன செய்தேன் என்று நீ கேட்பாய், கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அந்த வியாபாரி அவசரமாக அனுப்பிய ஒரு வண்டியை எடுத்துக்கொண்டேன். முன்பக்கம் நசுங்கிய வண்டி, என் கையால் கீறல் படாத வண்டியாகிப் போயிருக்கிறது. யாரோ ஒருவர் அதன் பளபளப்பைப் பார்த்து, உள்ளே நல்ல விசாலம் என்று சந்தோஷப்பட்டு வாங்குவார். ஒரு வெட்கத்தைத் துடைக்க இன்னொன்றைச் செய்திருக்கிறேன். இதில் எதையும் நல்லதாக்கி எழுத எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்று எழுதினேன்.

நேற்று சின்னவன் மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய், திரையின் ஒயரைக் கீழே இருக்கிற கார்டில் செருக வேண்டும், மேலே செருகினால் கார்டு இருந்தும் பிரயோசனமில்லை என்று எனக்குக் காட்டினான். பிறகு அந்த விளையாட்டைத் திறந்தான். நிற்காமல் ஓடியது. ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டான். ஆடேன்டா என்றேன். "அக்கா வரட்டும்" என்றான்.

அதனால் மகளே, வருகிற ஞாயிற்றுக்கிழமை டூட்டி எடுக்காதே, எடுத்திருந்தால் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள். காசு அடுத்த வாரம் வரும். நேரத்துக்குச் சாப்பிடு, இடுப்புப் பட்டையைப் பெட்டியிலேயே வைத்துவிடாதே, யாருக்கும் எதற்கும் காரணம் சொல்லிக்கொண்டு நிற்காதே, அதில் மட்டும் என்னைப் போல ஆகிவிடாதே. எந்தக் குறையும் உன்னை அண்டாமல், நிமிர்ந்த தலையோடு நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அப்படியே சொன்னாள்.

நான் இப்படி எழுதியதைத் தம்பியிடம் காட்டிக்கொள்ளாதே. அவன் எனக்காகச் சொன்ன பொய் அவனிடமே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, லைன் சரியாகிவிட்டதா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
கேம் ஆடுவதற்குத்தான் கம்ப்யூட்டர் வாங்கிய
உன் அப்பா