புதுத் துப்பாக்கியும் மச்சானின் காதும்

24.5.71
காலையிலிருந்து மழை. சலூன் கண்ணாடி ஓரமெல்லாம் பூஞ்சணம். பவுடர் முடிந்தது, படிகாரமும். ஆறு தலை, மூன்று சவரம்.

கான்ஸ்டபிள் சோமபால ராலஹாமி வந்தார். முன்பெல்லாம் பெல்டையும் குண்டாந்தடியையும் ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவார். ஏப்ரலில் கிளர்ச்சிக்காரர் பொலிஸ் ஸ்டேஷனைத் தாக்கிய பிறகு கான்ஸ்டபிள்களுக்கெல்லாம் ஆமிக்காரர் வைத்திருக்கிற மாதிரி மெஷின் துப்பாக்கி. கையை விட்டு இறக்கக் கூடாதாம். மடியில் வைத்துக்கொண்டார். அதன் மேலேயே துணியைப் போர்த்தினேன். குழல் எந்தப் பக்கம் என்று பார்த்தால் பெஞ்சுப் பக்கம். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் வெற்றிலை வாங்கப் போனவர்கள்தான், திரும்பவில்லை.

"இதில சுடத் தெரியுமா ராலஹாமி?" என்றேன். எங்கள் பேச்சு சிங்களத்தில்தான்.

"ஒரு நாள் காட்டிக் குடுத்தாங்க. அஞ்சு குண்டு சுட்டேன். மூணு எங்க போச்சுன்னு தெரியாது." சிரித்தார். சவரக் கத்தி அவர் தொண்டையில். நான் சிரிக்கவில்லை.

26.5
மழை விட்டது. தெஹியோவிட்ட பஸ் இன்றும் இல்லை. சாக்கடையில் மயிர் அடைப்பு, குத்தி எடுத்தேன்.

ஹார்ட்வெயார் கடை முதலாளி மகஜர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஆமி ஊரை விட்டுப் போகிறதாம். புதுத் துப்பாக்கிகளைத் திருப்பி எடுக்காமல் நம் ஸ்டேஷனிலேயே விட வேண்டும் என்று கடைக்காரர் எல்லாரும் கையெழுத்து. எல்லாரும் வந்து போகிற இடம் என்பதால் என் சலூனில். "நீயும் போடு" என்றார்.

யோசனை. தாக்குதல் நடந்த அன்று நாற்காலிக்குப் பின்னால் குப்புறக் கிடந்தபடி, பொலிஸ்காரனிடம் பழைய துப்பாக்கி நாலுதானே என்று நொந்துகொண்டவன் நானும்தான். அது பொய்யில்லை. ஆனால் தாக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். துப்பாக்கி பாலத்துக் காவலில் நிற்கிறது. பாலத்தில் போய்வருவது நாங்கள்.

பேனாவில் மை இல்லை என்றேன். இருந்தது.

29.5
தங்கச்சி செல்லம் விடிந்ததும் ஓடி வந்தாள். அவள் புருஷன் மாரிமுத்து, என் மச்சான், ரப்பர் பால் வெட்டுகிறவர். குடியிருக்கிற லயம் பாலத்துக்கு இந்தப் பக்கம், காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டு அந்தப் பக்கம். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனது. பேச்சு உண்டு, கேள்வி இல்லை. ஊரடங்கு ஐந்து மணிக்கு எடுபட்டதும் கிளம்பியிருக்கிறார். இருட்டு. பாலத்துக் காவலில் நின்ற பொலிஸ்காரன் "கவுத? நவதின்ன!" என்று மூன்று தரம் கத்தியிருக்கிறான். யார், நில் என்றால் மச்சானுக்கு எங்கே கேட்கும்? வாளியோடு நேரே நடை. அவன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். நல்லவேளை, கூட நின்றது சோமபால ராலஹாமி. ஆளைத் தெரிந்து குறுக்கே ஓடிச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

"தடியோட நின்ன காலத்துல ரெண்டு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். இப்ப சுட்டாக்கூட அவருக்குக் கேக்காதே அண்ணே" என்றாள் செல்லம்.

எனக்குப் பயம். மத்தியானம் வரை கத்தி பிடிக்கவில்லை. மச்சானுக்கோ சட்டைப் பொத்தான் அறுந்ததில்தான் கோபம்.

1.6
சோ.ரா.வுக்குத் தலை. குறுக்கே ஓடியதற்கு அவருக்குத்தான் திட்டாம். "எனக்குத் தடியே போதும்னு சொன்னேன். ஸ்டேஷன் பெரியவர் ஓ.ஐ.சி. முறைச்சாரு. மொனவ கரன்னத?" என்று கையை விரித்தார். என்ன செய்வது என்கிறார். பிறகு அவரே வழி சொன்னார்: "ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வா. எல்லாருக்கும் முகத்தைக் காட்டிருவோம்."

பின்னேரம் போனோம். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி நடக்கச் சொன்னார்கள், திரும்பச் சொன்னார்கள். ஒருவன் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தான். மச்சான் அசையவில்லை. எனக்கு வெட்கம். ஆனாலும் நிம்மதி.

5.6
முதலாளி மகஜரை எடுக்க வந்தார். ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: துப்பாக்கி பிடிப்பவர் ஊர் ஆட்களைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். "அதெல்லாம் எழுத ஏலாது, சிரிப்பாங்க" என்றார். "உனக்குப் பிரஜாவுரிமையும் இல்ல. அதுக்கான பொலிஸ் ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள் ஓ.ஐ.சி. கிட்டத்தான் போய் நிக்கணும்." மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

கையெழுத்துப் போட்டேன். கோழை. எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

9.6
மழை. சோ.ரா.வுக்கு எஹலியகொடப் பக்கம் மாற்றம். சொல்லிக்கொள்ள வந்தார். பழைய ஆட்களில் பாதிப் பேர் போகிறார்கள். பதிலுக்குப் புது ஆட்கள் ஆறு பேர், பயிற்சி முடித்து நேரே. துப்பாக்கிகள் மகஜர் கேட்டபடி இங்கேயே.

11.6
மச்சானை மறுபடி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். புது ஆட்களில் நாலு பேர் பார்த்தார்கள். மற்ற இருவர் ராத்திரிதான் வந்து சேருவார்களாம். நாளை விடியற்காலை டியூட்டி அவர்களுக்கு. எங்கே? பாலத்தில்.

நாளைக்கு வேலைக்கு விடாதே என்று செல்லத்திடம் சொன்னேன். "இந்த மாசம் வேலைக்குப் பதிஞ்ச பேரு ஏற்கனவே கொறவு. ஒரு நாளைக்கு நிப்பாட்டலாம் அண்ணே, தெனமுமா நிப்பாட்ட ஏலும்?"

12.6
காலை நாலே முக்கால். தூறல். லயத்தில்தான் படுத்தேன். டார்ச் இருக்கிறது, எங்கள் முகத்தில் அடித்துக் காட்ட. நான் முன்னால், மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால். பால் கத்தியைச் செல்லம் பிறகு கொண்டு வருவாள், பொலிஸுக்கு முன்னால் அது வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: மெயாட்ட எஹென்னெ நே. இவருக்குக் கேட்காது.

மச்சான் வாளியைத் தூக்கிவிட்டார். டார்ச்சைக் கண்டதும், "அத அணைச்சிருங்க மச்சான், பொலிஸ்காரங்க மொகத்துல அடிச்சா ஏசுவாங்க" என்கிறார்.