மருந்து வாடை என்று நினைத்த தலைவலி

போடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கார்த்திகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். புனேயில் மழை விட்டு நீ நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்களும் இருக்கிறோம். இன்று எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவைச் சிரிக்கச் சொன்னேன். வாய் கோணுகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். விடிஞ்சதும் விடியாததுமா எதைப் பாத்துச் சிரிக்க, உன் மூஞ்சியவா என்று கேட்டார். வாய் நேராகத்தான் இருந்தது. வலது கையில்தான் இன்னும் பிடிமானமில்லை, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார்.

போனில் அவர் பக்கத்திலேயே இருப்பதால் சொல்ல முடியாத ஒன்றை எழுதுகிறேன். வைரஸ் காய்ச்சல் விட்ட எட்டாம் நாளே மலையேறி, நம் தோட்டத்து ஏலச்செடிக்குப் பூச்சிமருந்தடிக்கும் இடத்தில் நின்றுவிட்டுத் தலைவலியோடு இறங்கினார். மருந்தடித்த அன்று இங்கே யாருக்குத்தான் தலை வலிக்காது? ஜீப் ஓட்டும் கன்னையன், வாடை ஏறிருச்சுக்கா, மோரக் குடுத்துப் படுக்கப் போடுங்க, காலையில எந்திரிச்சுருவாரு என்றான். வேதியியல் படித்த நானும் தலையாட்டிவிட்டு மோரில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். மறுநாள் வாந்தி, அதற்கும் மோர். மூன்றாம் நாள் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் தேனிக்கு ஓடினோம். இந்த மாதிரிக் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இரத்தம் உறைவதுண்டு, மூளையிலிருந்து இரத்தம் இறங்கும் குழாயில் அது உறைந்து அடைத்திருக்கிறது, முன்னமே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளை வீணாக்கியது நான்தான், கார்த்தி. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் உறுத்தலாக இருக்கிறது.

இப்போது இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. சின்ன வெட்டுப் பட்டாலும் இரத்தம் எளிதில் நிற்காது, ஆறு மாதம் மலைச்சரிவில் கால் வைக்கக் கூடாது. அப்பாவோ நாளைக்குக் காய் எடுப்புக்குப் போயே தீருவாராம். காயி பழுத்து உதிர்றத வீட்ல உக்காந்து பாக்கச் சொல்றியா என்று நேற்றுச் சத்தம். தோட்டத்தைக் குத்தகைக்கு விடச் சொன்ன உன் சித்தப்பாவோடு மூன்று நாளாகப் பேச்சில்லை. நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயாம். வேண்டாம் ஆத்தா.

போன மாதம் உனக்கும் காய்ச்சல் வந்தது. தலைவலி விடாமல் இருந்தால் நீயாக ஒரு காரணம் சொல்லிக்கொள்ளாமல் டாக்டரைப் பார். நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருப்பாய்.

ராசிங்காபுரத்திலிருந்து ஈஸ்வரி அத்தை சாயங்காலம் வருகிறார். அப்பாவுக்குத் துணையாக இருக்கத்தான் வரச் சொன்னேன் என்று அவருக்கும் தெரியாது. நாளைக் காலை ஆட்கள் போகிற ஜீப்பில் அப்பாவின் இடத்தில் நான் ஏறி உட்காரப்போகிறேன். எந்தக் காய் பறிக்கிற பக்குவம் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது, பறிக்கிற பெண்களிடம் கேட்டுக்கொள்வேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா
கலையரசி