பதினேழாம் எண்ணின் முன்பல்

அன்புள்ள கண்ணாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தங்கை எலி மூவரும் சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சௌக்கியமாக இருக்கிறாய் என்று பதில் போட்டால்தான் இந்த வரி முழுமையாகும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் நீ சரிம்மா சரிம்மா என்று மூன்று தடவை சொல்லியே முடித்துவைத்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறவள் சொந்தப் பிள்ளைக்கு ஒன்று எழுதக் கூடாதா என்ன. நேற்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை கண்ணா, நம் எலிக்கு வழி பிறந்துவிட்டது.

எலியின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். செயற்கைப் பல் செய்கிற படிப்பில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்பது தெரியும். அதில் சேர, ஏதாவது ஒரு டென்டல் லேபில் விடுமுறை முழுக்க வேலை பழக இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பதும், அந்த இடத்துக்காக அவள் ஏறி இறங்காத படி இல்லை என்பதும் தெரியாது. அண்ணனிடம் சொல்லாதே என்று அவள்தான் என் வாயைக் கட்டிவைத்திருந்தாள். ஓரிடத்தில், பள்ளிக்கூடப் பெண்ணை நம்பி அடுத்தவர் பல்லைக் கொடுக்க முடியுமா என்றார்களாம். இன்னோரிடத்தில், தரை கூட்ட வருகிறாயா என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும் சோப்பை எடுத்து வைத்துக்கொண்டு செதுக்குவாள். சோப்பு வாங்கி வைத்த அன்றே கடைவாய்ப்பல்லாகிவிடுகிறது, உன் அப்பா கடைவாய்ப்பல்லால் முதுகைத் தேய்த்துக் குளித்துவிட்டு பஸ் ஓட்டப் போகிறார். சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், ஆனால் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்க நெருங்க அவள் தட்டில் சோறு அப்படியே கிடந்தது.

இந்த நேரத்தில்தான் நேற்று பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர்கள் கூடினார்கள். உனக்கும் அழைப்பு வந்திருக்கும், வர இயலாது என்று ஒரு வரி போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாய். கடைசி வருடப் பிள்ளைகளின் பெற்றோர் டீ கொடுக்க வர வேண்டும் என்றார்கள், நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அங்கே ஒரு வேடிக்கை வைத்திருந்தார்கள். பழைய மாணவர்கள் அவரவர் வகுப்பில் அவரவர் பெஞ்சில் உட்கார வேண்டும், இப்போது படிக்கிற பிள்ளைகள் டீச்சராக நின்று அட்டென்டன்ஸ் எடுக்க வேண்டும், பெயர் கிடையாது, பழைய வரிசை எண் மட்டும்தான். எலி உன் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். உன் கூட்டாளிகளைப் பார்க்க வேண்டுமே, பாதிப் பேருக்குத் தொப்பை வந்தாயிற்று, முழங்கால் பெஞ்சுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவள் என் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு அதட்டல் போட்டாள். பதினாறு வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. பதினேழு என்றாள். அது நீ. பதில் வராது என்று தெரிந்துதான் டீ டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி பெஞ்சிலிருந்து உன் குரல் வந்தது, உள்ளேன் டீச்சர் என்று. சத்தியமாக உன் குரல்தான் கண்ணா, சளி பிடித்தவன்போல் ஓர் இழுப்பு இழுப்பாயே, அந்த இழுப்போடு. டீ பாதி என் கையில் கொட்டியது, சுட்டதுகூடத் தெரியவில்லை.

வகுப்பே குலுங்கிச் சிரித்தது, எலி மட்டும் சிரிக்காமல், யார் அது எழுந்திரு என்றாள். எழுந்தவள் ஒரு பெண். கேசட் என்று கூப்பிடுவீர்களாமே, யார் குரலையும் அப்படியே திருப்பிப் பேசுகிறவள், அவள். முதல் பீரியடில் பாதி நாள் உனக்காகக் குரல் கொடுத்ததே தான்தான் என்று நான் நிற்பது தெரியாமல் போட்டு உடைத்தாள். அந்த நேரத்தில் நீ எங்கே போனாய் என்பதை நாம் தனியாகப் பேசிக்கொள்வோம். அப்புறம் எலியின் வாயையே உற்றுப் பார்த்தாள், மேல் பல்வரிசையைப் பார்த்ததுமே பதினேழின் தங்கை என்று தெரிந்துவிட்டது என்றாள். பல்லைப் பார்த்து ஆளைச் சொல்கிறீர்களே, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று இவள் கேட்க, அவள் சொந்தமாக டென்டல் லேப் வைத்திருக்கிறாளாம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் நினைத்து முடிப்பதற்குள் பால் திரிந்துவிட்டது. எலி இடம் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது, இரண்டு பேரைச் சேர்த்து இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஓடிவிட்டார்கள், இனி யாரையும் சேர்ப்பதாக இல்லை என்றாள்.

நானாக இருந்தால் அழுதிருப்பேன். எலி அழவில்லை. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, "இல்லாதவருக்கு உள்ளேன் சொன்னதுக்குத் தண்டனை உண்டுக்கா. அஞ்சு நிமிஷம் நான் செதுக்கறதப் பாக்கணும்" என்றாள். கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸை எடுத்தாள், என் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக்கொண்டாள், செதுக்க ஆரம்பித்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். வெள்ளைத் தூள் அவள் மூக்கிலும் என் கண்ணாடியிலும். முடிந்ததும் அந்தப் பெண் உள்ளங்கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள், ஒரு முன்பல், கீழ் மூலையைக் காணோம். எனக்கு உயிரே போயிற்று, கடைசி நேரத்தில் உடைத்துவிட்டாளே பாவி என்று. அந்தப் பெண்ணும் உடைந்துவிட்டதா என்றுதான் கேட்டாள். எலி, "உடையலக்கா, அண்ணனுக்கு அது அப்படித்தான்" என்றாள். கேசட் அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தாள். அந்தப் பல் உடைந்தபோது நீ அவள் பக்கத்தில்தான் இருந்தாயாமே. பந்தயம் கட்டி சோடா மூடியைப் பல்லால் திறந்தாயாமே. குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்று நீ சொன்னதை நம்பித்தானே நான் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு அங்கே சொரசொரப்புக் கல் பதிக்க வைத்தேன், அந்தக் கல் இன்றைக்கும் இருக்கிறது, நேற்று அதைத் தாண்டி வரும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. கேசட் சொன்னதை மட்டும் அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்: "புஸ்தகத்துல இருக்கற பல்ல யாரு வேணாலும் செதுக்கலாம். இது ஒரு ஆளோட பல்லு. லீவு விட்ட மறுநாளே வந்துடு."

எங்கள் இருவருக்கும் வாயெல்லாம் பல். அப்பாவிடம் போனில் சொன்னதும் அவரால் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேச முடிந்ததாம், தனக்கு ஆடுகிற பல்லுக்கு இனிக் கவலையில்லை என்று இப்போதே கெத்தாகத் திரிகிறார். வீட்டுக்கு வரும் வழியில் எலியிடம் கேட்டேன், வேலைக்குக் கிளம்புமுன் அண்ணன் டாக்டரிடம் போய் அந்தப் பல்லுக்குச் செயற்கை மூடி போட்டுக்கொண்டானே, அதற்கு முந்தின போட்டோவில்கூட வாயை மூடியேதானே நிற்பான், பார்த்து எத்தனை வருடமாகிறது, எப்படியடி செய்தாய் என்று. அவன் சிரிச்சா அப்படித்தானம்மா இருக்கும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டாள். நான் கொஞ்சம் பின்தங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன். நீ இல்லாத வீட்டில் அவள் உன்னை எங்கே வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. எலியைக் கூப்பிட்டு நல்லதாக நாலு வார்த்தை சொல், உன் கேசட்டுக்கும் ஒரு நன்றி சொல்லிவிடு. பாட்டில் எதையும் பல்லால் திறக்காதே. நீங்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை என்று எழுதலாம், ஆனால் இருக்கிறது. அந்தச் சாக்பீஸ் பல்லை இந்தக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லி எலி ஒரே பிடிவாதம். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதில் பல்லை வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். எத்தனை வருடமாக முத்திரை குத்துகிறேன், என் கைக்கு அடியில் சாக்பீஸ் என்னவாகும் என்று எனக்குத் தெரியாதா. அது தபாலில் வராது கண்ணா. உன் அலமாரியில் வைத்திருக்கிறேன், நீதான் வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா